பார்த்தெழுதல் முதல் போட்டோக் கொப்பி வரை: கல்முனைக் கரையில் நூற்பிரதியும் பதிப்புரிமையும்

அச்சு வருவதற்கு முன், இன்று அம்பாறை மாவட்டம் எனப்படும் இலங்கைக் கிழக்குக் கரையின் ஊர்களில் ஒரு நூலைச் சொந்தமாக வைத்திருக்க விரும்பியவருக்கு இருந்த வழி ஒன்றுதான்: வைத்திருப்பவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தெழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் முஸ்லிம் ஊர்களுக்கும், அவற்றின் இடையிலுள்ள காரைதீவு போன்ற தமிழ் ஊர்களுக்கும் இது பொது வழக்கம். தமிழ் ஊர்களில் ஓலையும் எழுத்தாணியும் நின்றன. முஸ்லிம் ஊர்களில் அவற்றோடு தாளும் நாணற் பேனாவும் சேர்ந்தன. 'படி' என்ற ஒரே சொல் தமிழில் வாசிப்பதையும் பிரதியையும் குறிப்பது வெறும் தற்செயல் அல்ல என்று தோன்றும். இரண்டு வேலைகளும் நெடுங்காலம் ஒரே கையில்தான் நடந்தன.

பிரதியின் கடைசிப் பக்கம் எழுதியவருக்கு உரியது. எழுதி முடித்த ஆண்டு, மாதம், கிழமை, எழுதியவர் பெயர், அவர் தகப்பன் பெயர், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோள், தமக்காகத் துஆ (பிரார்த்தனை) செய்யும்படி இன்னொன்று. நூலை இயற்றியவர் பெயர் முகப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படியெடுத்தவர் பெயர் கடைசியில் இருக்கும். இது உரிமை கோரல் ஆகாது. பொறுப்பு ஏற்றல் என்பதே பொருத்தம். பிரதியில் எழுத்து விழுந்திருந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அங்கே விடை உண்டு.

மார்க்கக் கல்வியில் இந்தப் பொறுப்புக்கு இன்னும் இறுக்கமான ஒரு முறை இருந்தது. அரபு மொழியில் இஜாஸா என்பது அனுமதி. ஒரு கிதாபை (மார்க்க நூலை) உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) முழுமையாக ஓதிக் காட்டி முடித்தவருக்கு, அதைப் பிறருக்கு ஓதிக்கொடுக்கும் அனுமதியை அவர் வழங்குவார். அந்த உஸ்தாதுக்கு அனுமதி தந்தவர், அவருக்கு முன்னவர் என்று சங்கிலி பின்னோக்கிச் செல்லும். எத்தனை பிரதி எடுக்கலாம், யாருக்கு எவ்வளவு காசு என்ற கேள்விகள் இதில் எழவில்லை. நூல் யாரிடமிருந்து வந்தது, வழியில் கெட்டுப்போனதா என்பதே கவலை. பிற்காலத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியரின் ஒழுக்க உரிமை எனப்படும் பகுதி (பெயர் குறிப்பிடப்படும் உரிமை, திரிக்கப்படாமல் இருக்கும் உரிமை) இஜாஸாவுக்குத் தூரத்து உறவு; பொருளாதார உரிமைகளோ அதற்கு அந்நியம்.

நூலகத்துக்கு மிக நெருங்கியது வக்பு என்னும் அறக்கொடை. பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ கொடுக்கப்பட்ட கிதாபின் முதற் பக்கத்தில் 'வக்பு' என்று எழுதிவிட்டால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ வாரிசுகள் பங்கிடவோ முடியாது. ஓதலாம், பார்த்தெழுதலாம். பொருளைப் பூட்டிவிட்டுப் பாடத்தைத் திறந்துவிடும் ஏற்பாடு இது.

இந்தக் கரையில் புழங்கிய நூல்களில் பல அரபுத் தமிழில் அமைந்தவை. தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி அமைத்த எழுத்து முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (1816–1898) 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் கடலின் இருபுறமும் வாசிக்கப்பட்டன. இவற்றுக்கு ஏற்றதாக வந்தது கல்லச்சு. ஈய எழுத்துக் கோக்கும் அச்சில் எழுத்தருக்கு வேலை இல்லை. கல்லச்சிலோ அவர் கையெழுத்தே கல்லில் ஏறிப் பிரதியாகும். அதனால் அரபுத் தமிழில் கையெழுத்துக் காலமும் அச்சுக் காலமும் பட்டென்று பிரியவில்லை. பார்த்தெழுதும் கை அப்படியே அச்சுக்கூடத்துக்குள் போனது.

தமிழ் எழுத்தில் அச்சான இஸ்லாமிய நூல்களில் முன்னோடியானது உமறுப் புலவரின் சீறாப்புராணம். செய்கு அப்துல் காதிர் நெயினா லெப்பை ஆலிம் ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து 1842 இல் அதைப் பதிப்பித்தார். அதே 1842 இல்தான் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் பதிப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. லண்டனில் அச்சான நூலுக்குப் பேரரசு முழுவதும், இலங்கையிலும், அது காவல் தந்தது. கொழும்பில் அச்சான தமிழ் நூலுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை. குடியேற்ற நாடுகளில் முதலில் வெளியான நூல்களும் பேரரசு எங்கும் பாதுகாப்புப் பெற 1886 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில், 1885 இல், இலங்கை அரசு தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்தது. அச்சிடுவோர், வெளியிடுவோர் தொடர்பான 1885 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதிகளையும் அரசிடம் ஒப்படைத்துப் பதிவு செய்யச் சொன்னது. யாருக்கு உரிமை என்பதை அது தீர்மானிக்கவில்லை. என்ன அச்சாகிறது என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அதற்கு அக்கறை இருந்தது. ஆயினும் அதன் பயன் காவற் கண்ணைத் தாண்டியது. 1877 இல் தொடங்கிய கொழும்பு அரும்பொருட்சாலை நூலகம் இந்தச் சட்டத்தால்தான் ஒப்படைப்பு நூலகமாயிற்று. பின்னர் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் தேசிய நூலகமும் அந்த வரிசையில் சேர்ந்தன. கல்முனையில் வெளியான ஒரு சிறு நூலின் பிரதி கல்முனையில் எங்கும் அகப்படாமல் கொழும்பில் அகப்படுவதற்கு இதுவே காரணம்.

1911 ஆம் ஆண்டின் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டமும், அதற்கு உள்ளூரில் துணையாக வந்த 1912 ஆம் ஆண்டின் பதிப்புரிமைக் கட்டளைச் சட்டமும் இலங்கைக்கு முழுமையான பதிப்புரிமை ஏற்பாடாக அமைந்தன. ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் என்ற காலக்கணக்கு அதிலிருந்து வந்தது. ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகள் கடந்தபின், முறைப்படி அறிவித்து விலையில் பத்து வீதம் கொடுத்தால் யாரும் மறுபதிப்புச் செய்யலாம் என்ற விதியும் அதில் இருந்தது. அது நல்ல விதி, பின்வந்த சட்டங்களில் தொடராமற்போனது இழப்புத்தான். சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் மதிப்புரைக்கும் நியாயமாகக் கையாளுதல் குற்றமாகாது என்றும் அது சொன்னது. நூலகம் படியெடுப்பது பற்றி மட்டும் அதில் ஒரு சொல்லும் கிடையாது. பிரித்தானியா 1956 இல் புதுச் சட்டம் இயற்றி நூலகங்களுக்குத் தனி விதி தந்தது. இலங்கையோ 1948 இல் சுதந்திரம் பெற்று, 1959 இல் தன் பெயரில் பதிப்புரிமை பற்றிய பேர்ண் உடன்படிக்கையில் நின்றபோதும் 1979 வரை பழைய சட்டத்திலேயே ஓடியது.

அந்தப் பழைய சட்டத்தின் காலத்தில்தான் கல்முனைக் கரையில் வாசிப்பு பெருகியது. 1942 இல் ஏ. எம். ஏ. அசீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். போர்க்கால உணவு உற்பத்திக்காக அனுப்பப்பட்டவர், வந்த இடத்தில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1945 இல் கொழும்பில் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் பிறந்தது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதும் இங்கேதான். அடுத்த தலைமுறையில் எழுதுவோரே வெளியிடுவோராயினர். பெரியநீலாவணையின் நீலாவணன், மருதமுனையின் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமான் ஆகியோர் எழுதிய காலம் அது. 1969 இல் நுஃமானும் சண்முகம் சிவலிங்கமும் சேர்ந்து நடத்திய 'கவிஞன்' இதழும், கல்முனை வாசகர் சங்கம் வெளியிட்ட நூல்களும் பெரிய பதிப்பகம் எதையும் நம்பி வந்தவை அல்ல.

இத்தகைய நூல் ஒன்றின் முகப்பைத் திருப்பினால் பின்பக்கத்தில் வரும் வரிகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்: முதற்பதிப்பு, மாதம், ஆண்டு, அச்சகத்தின் பெயர், விலை, 'உரிமை ஆசிரியருக்கு'. ஐந்நூறோ ஆயிரமோ அடித்து, பாதியை நண்பர்களுக்குக் கொடுத்து, மீதியை வீட்டில் அடுக்கி வைத்த காலத்தில் அந்தக் கடைசி வரி ஒரு சம்பிரதாயம்தான். கள்ளப் பதிப்புப் போடும் அளவுக்கு அங்கே சந்தை இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் மறைந்து பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் போனபின், அதே வரி ஒரு பூட்டாக மாறும் என்பது அன்று யாருக்கும் தோன்றியிராது. தமிழ்நாட்டில் பாரதியின் எழுத்துகளை 1949 இல் அரசு வாங்கிப் பின்னர் பொதுவாக்கியது முதல், நாட்டுடைமையாக்கல் என்ற வழக்கம் வளர்ந்தது. இலங்கையில் அது வேரூன்றவில்லை.

பள்ளிக்கூடங்களில் படியெடுத்தல் வேறொரு பாதையில் போனது. மெழுகுத் தாளில் தட்டச்சடித்து ரோனியோவில் உருட்டிய குறிப்புகள், மை கையில் ஒட்டும் பரீட்சைத் தாள்கள், பின்னர் டியூட்டரிகளின் 'டியூட்' எனப்படும் குறிப்புத் தாள்கள் வந்தன. 1980 முதல் பாடநூல் இலவசமானது. உயர்தர வகுப்புக்கான துணைநூல்கள் அப்படி ஆகவில்லை. உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து நூல்கள் கிழக்குக்கு வருவதும் அருகியது. கையில் அகப்பட்ட ஒரு பிரதியைப் போட்டோக் கொப்பிக் கடைக்குக் கொண்டுபோவது வழமையானது. கடையின் மேசையில் அதிகம் புரளும் தாள்களில் ஒன்று கடந்தகால வினாத்தாள். அதன் தலையில் மூன்று மொழியிலும் 'முழுப் பதிப்புரிமையுடையது' என்று இருக்கும். அந்த வரியும் சேர்ந்தே பிரதியாகிறது.

1979 இல் வந்த புலமைச் சொத்துக் கோவை (52 ஆம் இலக்கம்) பதிப்புரிமையையும் காப்புரிமையையும் வணிகக் குறியையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இன்று நடைமுறையில் இருப்பது அதை நீக்கி வந்த 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். இதில் 11, 12 ஆம் பிரிவுகள் நியாயமான பயன்பாட்டைச் சொல்கின்றன. 12 ஆம் பிரிவில் நூலகங்களுக்கும் சுவடிக்கூடங்களுக்கும் தனி இடம் உண்டு. வணிக இலாபம் நேரடியாகவோ மறைமுகமாகவோ இல்லாத நூலகம் இரண்டு நோக்கங்களுக்காக ஆசிரியரைக் கேளாமல் ஒரேயொரு பிரதி எடுக்கலாம். ஒன்று, ஒரு வாசகர் கேட்கும்போது வெளியான கட்டுரையையோ சிறு படைப்பையோ நூலின் சிறு பகுதியையோ எடுத்துக்கொடுப்பது. மற்றது, தன்னிடமுள்ள பிரதியைப் பேணவோ, தொலைந்த, அழிந்த, பயன்படாமற்போன பிரதிக்கு மாற்று வைக்கவோ எடுப்பது. அதைப்போன்ற இன்னொரு நூலகத்தின் இழப்பை ஈடுசெய்யவும் எடுக்கலாம்.

விதி எளிதாகத் தோன்றும். மேசையில் வைத்துப் பார்த்தால்தான் மடிப்புகள் தெரியும். சம்மாந்துறை மாணவி ஒருவர் ஊர் வரலாற்று நூல் ஒன்றின் பன்னிரண்டு பக்க இயலைப் பிரதி கேட்கிறார் என்று கொள்வோம். நூலகர் பார்க்க வேண்டியவை: அது அவர் படிப்புக்கோ தனிப்பட்ட ஆய்வுக்கோ மட்டும் பயன்படும் என்ற திருப்தி, இது தனித்த ஒரு நிகழ்வு என்பது, அந்தப் படைப்புக்குக் கூட்டு உரிமம் (பலரின் உரிமைகளுக்கு ஓர் அமைப்பு சேர்த்து வழங்கும் அனுமதி) கிடைக்கக்கூடிய நிலை இல்லை என்பது. அதே இயலை ஒரு வகுப்பு முழுவதும் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்டால் 'தனித்த நிகழ்வு' கரைந்துவிடும். 'சிறு பகுதி' எத்தனை பக்கம் என்று சட்டம் எண் சொல்லவில்லை. நூலகச் சுவர்களில் ஒட்டப்படும் பத்து வீதக் கணக்கு நடைமுறை, சட்டத்தின் எழுத்து அல்ல. பேணற் பிரதிக்கும் நிபந்தனை உண்டு: நியாயமான முறையில் அந்த நூலை வேறெங்கும் பெற முடியாதிருக்க வேண்டும். இந்த விடயத்தில் இந்தியச் சட்டம் தாராளம். அங்கே விற்பனையில் கிடைக்காத நூலுக்கு நூலகம் மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம்.

தனிமனிதருக்கும் 12 ஆம் பிரிவு இடம் தருகிறது. முறைப்படி கிடைத்த பிரதியிலிருந்து, சொந்தத் தேவைக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழு நூலையோ அதன் பெரும்பகுதியையோ கருவியால் நகலெடுப்பது இந்த அனுமதிக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. விலக்கு கருவிப் பிரதிக்கே. கையால் எழுதுவதை அது சொல்லவில்லை. ஆக, இரவல் பிரதியைப் பார்த்தெழுதிய பழைய பழக்கம் இன்றைய சட்டத்திலும் பெரும்பாலும் குற்றமற்று நிற்கிறது. கடையில் முழு நூலையும் நகலெடுத்துச் சுருள்கம்பி போட்டு வாங்கும் மாணவர்தான் எல்லை தாண்டுகிறார். வேண்டுமென்றே உரிமை மீறுவோருக்கு நீதவான் நீதிமன்றத்தில் ஆறு மாதம் வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்று 178 ஆம் பிரிவு சொல்கிறது.

ஆசிரியர் வகுப்பறைக்கென எடுக்கும் பிரதிகளுக்கும் இடமுண்டு, கட்டுரையும் சிறு பகுதியும் என்ற அளவோடு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்துப் போட்டோக் கொப்பிக் கடை மீது மூன்று பதிப்பகங்கள் 2012 இல் தொடுத்த வழக்கில், பாடத்துக்குத் தேவையான அளவு பிரதி எடுக்கலாம் என்று 2016 இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்தது. அது இந்தியச் சட்டத்தின் அகன்ற சொற்களைக் கொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு. 1995 இல் தொடங்கி ஒலுவிலில் நிலைகொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாசலில் அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

இந்தக் கரைக்கென்றே எழுதியதுபோல இன்னொரு பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது: 24 ஆம் பிரிவு, நாட்டார் வழக்காறுகள் பற்றியது. வயலிலும் வாசலிலும் பெண்கள் பாடிய நான்கடிப் பாடல்களைக் கிழக்கு முஸ்லிம் ஊர்களில் 'கவி' என்றே சொல்வார்கள். யார் கட்டியது என்று கேட்டால் 'உம்மா சொல்லுவா' என்பதே விடை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடிக் கேட்டு எழுதி நூலாக்கினர். சட்டத்தின் பார்வையில் அத்தகைய நூலில் இரண்டு அடுக்குகள் உண்டு. தொகுத்தவரின் தெரிவும் ஒழுங்கும் முன்னுரையும் அவருக்கு உரியவை. கவி அவருக்கு உரியதல்ல. வணிக நோக்கத்துக்கோ, மரபான சூழலுக்கு வெளியேயோ அதைப் பிரதியெடுக்கவும் மாற்றியமைக்கவும் அமைச்சர் நியமிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். வரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போக வேண்டும். எந்தச் சமூகத்தின் வழக்காறு என்பதைக் குறிப்பிட வேண்டும். சொந்தப் பயனுக்கும் கற்பித்தலுக்கும் தடையில்லை. மூலத்தைக் குறிப்பிடச் சொல்லும் விதி சிறந்தது. ஒரு மூதாட்டி பாடிய கவிக்குக் கொழும்பில் அனுமதி கேட்கச் சொல்வது மட்டும் சற்று விசித்திரம்.

பேணற் பிரதி என்ற சொல்லின் கனம் 2004 டிசம்பர் 26 இல் தெரிந்தது. இலங்கையில் ஆழிப்பேரலையின் உயிரிழப்பு மிகுந்தது அம்பாறை மாவட்டத்தில்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் போனபோது அவற்றிலிருந்த அலமாரிகளும் போயின. வீட்டில் அடுக்கி வைத்த மீதிப் பிரதிகள், வெளிவராத கையெழுத்துகள், பழைய இதழ்க் கட்டுகள் எல்லாம் உப்புநீரில் ஊறின. மாற்றுப் பிரதி எடுக்கும் அனுமதி நூலகத்துக்கே உண்டு. எழுத்தாளரின் வீட்டு அலமாரி நூலகம் ஆகாது.

ஆழிப்பேரலைக்கு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, 2005 தைப்பொங்கலில் 'நூலகம்' என்ற திட்டம் இணையத்தில் தொடங்கியது. 1998 முதல் இயங்கிய மதுரைத் திட்டத்தை முன்மாதிரியாகக் கண்டு, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்பிரதியாக்கும் வேலை அது. கிழக்கின் சிறு வெளியீடுகள் பல இன்று வாசிக்கக் கிடைப்பது அதனால்தான். இங்கே சட்டத்தின் கணக்கு வேறு: பேணுவதற்காகப் பிரதி எடுப்பது ஒன்று, அதைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வது தனி உரிமை. நூலக விதி பின்னையதற்கு உதவாது. ஆதலால் ஆசிரியரிடமோ வாரிசிடமோ அனுமதி பெறவேண்டும். பார்வையற்றோருக்கான பிரதிகள் தொடர்பான மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 இல் சேர்ந்தது. அதன் நோக்கம் வாசிக்க இயலாதோருக்கு வழிவிடுவது. பொது வாசகரின் கேள்வி அப்படியே நிற்கிறது.

அனுமதி யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை இறந்த ஆண்டு சொல்லும். விபுலாநந்தர் 1947 ஜூலையில், தம் 'யாழ்நூல்' வெளியான சில வாரங்களில் மறைந்தார். பழைய 50 ஆண்டுக் கணக்கில் 1997 முடிவோடும், இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கில் 2007 முடிவோடும், இலங்கையின் இன்றைய 70 ஆண்டுக் கணக்கில் 2017 முடிவோடும் உரிமை தீர்கிறது. எப்படிப் பார்த்தாலும் அவர் எழுத்துகளை இன்று யாரும் அச்சிடலாம். 1973 இல் மறைந்த அசீஸின் 'இலங்கையில் இஸ்லாம்' 2043 முடியும்வரை வாரிசுகளுக்குரியது. 1975 இல் மறைந்த நீலாவணனின் கவிதைகள் 2045 முடியும்வரை அவ்வாறே. பெயர் தெரிந்த குடும்பம் உள்ளவர்களின் நிலை இது. ஒரே ஒரு நூல் வெளியிட்டு மறைந்து, உறவினர் எங்கே என்று ஊரிலும் தெரியாத எழுத்தாளர்களின் நூல்களுக்கும் அதே எழுபது ஆண்டுதான். உரியவரைத் தேடிக் காணாதபோது என்ன செய்வது என்பதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி வழி இல்லை. அத்தகைய நூல்கள் நூலகத்தில் ஒற்றைப் பிரதியாக இருக்கின்றன. கேட்டு வருபவருக்கு ஒரு சிறு பகுதி மட்டும் நகலாகக் கிடைக்கும், மீதியை அங்கேயே மேசையிலிருந்து பார்த்தெழுதிக்கொள்ளலாம்.